குறிஞ்சிப் படங்களும் வீட்டு சர்வரும்: மூன்றாவது வாரம்

"தம்பி, 2018 குறிஞ்சிப் படம் எல்லாத்தையும் அனுப்புடா" என்று மதுரையிலிருந்து அக்கா. மொத்தம் 60 ஜிபி. வாட்ஸ்அப்பில் போட்டால் சுருங்கிவிடும். அடுத்து 2030-ல்தான் கொடைக்கானல் சரிவுகள் நீலமாகும். அதுவரை இந்தப் படங்கள் என் கையிலேயே இருக்க வேண்டும் என்று ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவினேன். நம் ஃபைல்களை நம் சர்வரிலேயே வைத்துப் பகிர உதவும் மென்பொருள் அது. ஓன்கிளவுட் என்ற இதேபோன்ற மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக்கே 2016-ல் தனியாக வந்து ஆரம்பித்தது.

முதல் வாரம், படங்களை வைக்க அதில் மாட்டிய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் படுத்தியது. பெரிய காப்பி தொடங்கினால் போதும், 'டிக், டிக்' என்று சத்தம், அப்புறம் டிஸ்க்கே காணாமல் போகும். பழுது என்று பயந்துவிட்டேன். ராஸ்பெர்ரி பையின் நான்கு யுஎஸ்பி போர்ட்டும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் தரும். சுழல ஆரம்பிக்கும்போது டிஸ்க்குக்கு அது பத்தவில்லை. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கி மாட்டினேன், சத்தம் நின்றது.

படங்களை டேட்டா ஃபோல்டரில் நேராகப் போட்டதும் தப்பு. பிரவுசரில் ஒன்றுகூடத் தெரியவில்லை. நெக்ஸ்ட்கிளவுட் ஃபைல் பட்டியலை டேட்டாபேஸில் வைத்திருக்கிறது, டிஸ்க்கைப் பார்த்துக் காட்டுவதில்லை. 'ஃபைல்ஸ் ஸ்கேன்' கட்டளை ஓட்டியதும் எல்லாம் வரிசையாக வந்தன.

பெரிய மல்லுக்கட்டு, வீட்டுக்கு வெளியிலிருந்து நெக்ஸ்ட்கிளவுடைத் திறப்பதில்தான். வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் வழியாகப் பைக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கோடு இரண்டு ராத்திரி போனது. பிறகுதான் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தந்த முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று ஆரம்பிக்கிறது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் சிஜிநேட் (CGNAT). ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன, வெளியிலிருந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை. ஆனால் உள்ளிருந்து வெளியே போகலாம். அதனால் பொது முகவரி உள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை எடுத்து, ராஸ்பெர்ரி பையிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் சுரங்கம் போட்டேன். இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது சின்னச் செய்தி அனுப்பும் கீப்அலைவை 25 வினாடி வைப்பது முக்கியம். இல்லையென்றால் சும்மா இருக்கும்போது சிஜிநேட் அந்த இணைப்பை மறந்துவிடும்.

பிறகு வீடியோ ஏற்றினால் 413 பிழை, அதாவது அனுப்பியது அளவில் மிகப் பெரிது. விபிஎஸ்ஸுக்கு வருவதை வாங்கி வீட்டுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பிதான். அந்த வரம்பைக் கூட்டியதும் சரியானது.

நேற்று அக்காவுக்குக் கடவுச்சொல் போட்ட லிங்க் அனுப்பினேன், 30 நாளில் காலாவதி. மெதுவாகத்தான் இறங்குகிறது, அவளுக்கு டவுன்லோடு என்பது எனக்கு அப்லோடு. ஆனால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கீழே எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பூவில் உட்கார்ந்திருந்த தேனீயை அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்கே தெரியாது அது.

பேக்கப் இன்னும் இல்லை. அடுத்த வாரம் மதுரை போகும்போது அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்கை மாட்டி, ராத்திரியில் ஃபைல்களை அங்கே நகலெடுக்க ஆர்சிங்க் (rsync) ஓட வைக்கப் போகிறேன்.