வாலை வெட்டினோம், தலைவலி போகவில்லை

எங்கள் படுக்கையறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் 240 கட்டங்கள். வீட்டுக் கடன் வாங்கிய வாரம் ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டது. மாதத் தவணை போனதும் ஒரு கட்டத்தில் நீல மையால் அடிப்போம். வங்கியின் செயலியில் எல்லாம் தெரியும்தான். ஆனாலும் கையால் அடிப்பதில் கிடைக்கும் திருப்தி வேறு.

கடனைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று எனக்கும் அவருக்கும் ஒரே வெறி, ஆனால் வேறு வேறு காரணங்களுக்காக. அவர் கடன்காரர்கள் வந்துபோன வீட்டில் வளர்ந்தவர். வாசலில் யாராவது சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவர் முகம் ஒரு கணம் மாறும். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவள். வட்டி அட்டவணையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

தொகையைச் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் தவணைக் கணக்கிலேயே சொல்கிறேன். உங்கள் தவணை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி, மாறும் விகிதம். முதல் மாதத் தவணையை ஆறு பங்காக்கினால் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஒரே ஒரு பங்கு. தவணையில் பாதியாவது அசலுக்குப் போக வேண்டுமென்றால் 12 வருடம் தாண்ட வேண்டும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மீதி எவ்வளவு என்று பார்த்தால், வாங்கியதில் நூற்றுக்கு 89 அப்படியே இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. பாக்கி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி, ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆசை காட்டும். கடன் ஆரம்பித்ததும் ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால், கடைசியில் ஏறக்குறைய ஆறு தவணை காணாமல் போகும். பத்தாவது வருட முடிவில் கட்டினால் இரண்டரை. பதினைந்தாவது வருட முடிவில் ஒன்றரை. வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டிக்கொண்டே வந்தால் 20 வருடக் கடன் பதினாறரை வருடத்தில் முடியும். இதைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

மூன்றாவது வருட முடிவில் எங்களிடம் 20 தவணைக்குச் சமமான பணம் சேர்ந்திருந்தது. அவருடைய ஊக்கத்தொகை, என் சேமிப்பு, மகளுக்கென்று போட்டிருந்த வைப்புத்தொகை, எல்லாம் சேர்த்து. வைப்புத்தொகைக்கு வரும் வட்டி, வரி போக, 9 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 9 சதவீதக் கடனை அடைப்பது என்றால் 9 சதவீதம் உறுதியாகச் சம்பாதிப்பது மாதிரிதானே? (கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருந்தால் அந்த 9 கொஞ்சம் இளைக்கும். அதையும் கழித்துத்தான் பார்த்தேன்.) மொத்தத்தையும் கொண்டுபோய்க் கட்டினோம். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். எங்கள் கடனுக்கு இல்லை. விகிதம் மாறாத கடன்களில் இருக்கலாம். அடுத்த மாதங்களின் தவணையாக வரவு வைத்துவிடாமல் அசலில் கழிக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தோம். இதிலெல்லாம் நான் கெட்டிக்காரி.

வங்கியில் ஒரு கேள்வி கேட்டார்கள். தவணைத் தொகையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா? யோசிக்கவே இல்லை, காலத்தை என்றேன். பாக்கி இருந்த 204 மாதம் 134 ஆனது. அன்று இரவு மகளிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, தாளின் அடியிலிருந்து 70 கட்டங்களை அடிக்கச் சொன்னோம். பேனாவில் மை தீர்ந்து இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று. அவர் அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அவர் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள்.

ஏழு மாதம் அவருக்கு வேலையில்லை. வீட்டுச் செலவுக்கு என் சம்பளம் போதும், தவணைக்குப் போதாது. முதல் மாதமே அலமாரியைத் திறந்து நின்றேன். அடியில் 70 கட்டம் சிவப்பாக அடித்திருக்கிறது. மேலே இந்த மாதக் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. நாங்கள் இத்தனை கட்டியும் அந்த ஒரு கட்டத்தின் தொகை ஒரு காசுகூடக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் பத்தரை வருடத்துக்கு அப்பால் இருக்கிற தவணைகள்.

வங்கிக்குப் போனேன். கட்டிய பணத்தில் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். அந்த வகைக் கடன் இது இல்லை என்றார்கள். சரி, காலத்தைப் பழையபடி நீட்டித் தவணையையாவது குறைக்கலாமா? அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இருவருடைய சம்பளச் சான்றும் வேண்டும் என்றார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை என்பதால்தானே வந்திருக்கிறேன்!

கடைசியில் தனிநபர் கடன் ஒன்று வாங்கினோம், 16 சதவீதத்துக்கு. 9 சதவீதத்தை மிச்சப்படுத்தியவள் 16 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். போதாததற்கு அக்காவிடம் கைமாற்று. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டி, நீ வங்கியில போட்டதை அளக்கலையே" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தாள். வங்கியை விட அதுதான் வலித்தது.

அவருக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். 20 தவணைக்குப் பதில் 10 மட்டும் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 40 மாதம் குறைந்திருக்கும். அதாவது முதல் பத்து 40 மாதத்தை வாங்கித் தந்தது, அடுத்த பத்து 30 மாதத்தைத்தான். அந்த இரண்டாவது பத்து கையில் இருந்திருந்தால் ஏழு மாதத் தவணையும் போய் மூன்று மிஞ்சியிருக்கும். அக்காவிடம் போயிருக்கவே வேண்டாம். அப்புறம் வங்கியில் கேட்ட அந்தக் கேள்வி. அதே 20 தவணைக்குத் தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அதைக் குறைத்துவிட்டு, மாதாமாதம் பழைய தொகையையே கட்டிக்கொண்டு வந்தாலும் கடன் அதே 134 மாதத்தில்தான் முடியும், வட்டியும் அதேதான். வித்தியாசம் ஒன்றுதான்: அந்த ஐந்தில் ஒரு பங்கு நாமாகக் கட்டுவது. முடியாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இது எனக்கு அன்று தோன்றவில்லை. வங்கியில் யாரும் சொல்லவுமில்லை. (சில கடன்களில் அவ்வப்போது கட்டும் சிறு தொகையை ஏற்கமாட்டார்கள், குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கடனோடு ஒரு சேமிப்புக் கணக்கை இணைத்து, அதில் கிடக்கும் பணத்துக்கு வட்டி போடாத வகையும் உண்டு. பணத்தைத் திரும்ப எடுக்கலாம், வட்டி விகிதம் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும். முன்பே தெரிந்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.)

முன்கூட்டிக் கட்டியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஐந்தாவது வருட முடிவில் வட்டி 9-லிருந்து 10 ஆனது. தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டினார்கள். எங்களுக்கு 110 மாத பாக்கி 118 ஆனது. முன்கூட்டி எதுவுமே கட்டாமல் இருந்திருந்தால் 180 மாதம் 208 ஆகியிருக்கும். அந்த வகையில் நன்றாகவே காப்பாற்றியது. ஆனால் சிவப்பு மையில் அடித்ததை அழிக்க முடியவில்லை. தாளின் ஓரத்தில் புதிதாக எட்டுக் கட்டம் வரைந்தோம், கோணல்மாணலாக.

இப்போது எங்கள் வீட்டு முறை இதுதான். முதலில் அந்த 16 சதவீதக் கடனை அடைத்தோம். அதற்குமுன் வேறு எதையும் தொடவில்லை. அடுத்து 10 தவணைக்குச் சமமான பணம், நினைத்தால் எடுக்கும்படி ஒரு கணக்கில். அதற்கு வரும் வட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும், பார்ப்பதில்லை. கடன் தொகை அளவுக்கு இருவர் பெயரிலும் ஆயுள் காப்பீடு, வெறும் பாதுகாப்புக்கு மட்டுமானது, முதிர்வுத்தொகை எதுவும் வராது. இவை போக மிஞ்சுவதில் பாதி கடனுக்கு, பாதி எங்கள் ஓய்வுக்காலத்துக்கும் மகளின் படிப்புக்கும்.

அந்த இரண்டாவது பாதியை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இன்னும் சண்டை. மகளுக்குத்தான் நிறைய என்பார் அவர். நான் ஓய்வுக்காலத்துக்கு என்பேன். படிப்புக்குக் கடன் கிடைக்கும், ஏங்க, வேலையை விட்டபிறகு சாப்பிடுவதற்கு எந்த வங்கி கடன் தரும்? "நீ கல்நெஞ்சக்காரி" என்பார். கல்நெஞ்சமெல்லாம் இல்லை. வயதான காலத்தில் அவள் கையை எதிர்பார்த்து நின்றால் அதுவும் அவள் தலையில் விழும் கடன்தான்.

பங்குச் சந்தையில் போட்டால் கடன் வட்டியை விடக் கூடுதலாக வருமே என்று என் அலுவலகத்தில் ஒருவர் வாரம் தவறாமல் சொல்வார். வரலாம். நீண்ட காலத்துக்கான பணத்தில் கொஞ்சம் அங்கேதான் போகிறது. ஆனால் கடன் வட்டி நிச்சயம், அந்த லாபம் நிச்சயமில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்கள், ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் இல்லை என்பது என் அனுமானம்.

கடன் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. இந்த மாதம் அவருக்கு ஊக்கத்தொகை வந்தது, நான்கு தவணைக்குச் சமம். இரண்டை அசலில் கட்டினோம். இந்தமுறை தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய தொகையையே தொடர்கிறோம். பழைய தொகையையே விடாமல் கட்டினால் நான்கு தவணை குறையும் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஓடிப்போய் சிவப்புப் பேனாவை எடுத்து வந்தாள்.

"அது வேண்டாம், பென்சில் எடு" என்றேன்.

"பென்சில்ல அடிச்சா அடிச்ச மாதிரியே இருக்காதும்மா."

அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைச் சீவிக் கொடுத்தார்.