காரில் படுத்தால்தான் கோல்ஃப்

கோல்ஃபுக்கும் எனக்கும் ஆகாது. தில்லிக்கு வந்து இருபது வருஷமாச்சு, நகர நடுவில் தில்லி கோல்ஃப் கிளப் என்று இருக்கும் அந்தப் பெரிய பச்சையைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்பா பெயர் எழுதி வைத்தால் பிள்ளைக்கு மெம்பர்ஷிப் கிடைக்கும் என்பார்கள்.

2025 செப்டம்பரில் ஒரு ஞாயிறு ராத்திரி, தூக்கம் வராத மேல்வீட்டு மாமா போன் பண்ணி, "முழிச்சிண்டுதானே இருக்கே, மேல வா, ரைடர் கப் ஓடறது" என்றார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணியாக மோதும் கோல்ஃப் போட்டி அது. காபி கிடைக்குமே என்று போனேன். நியூயார்க் பக்கத்தில் ஃபார்மிங்டேல், பெத்பேஜ் பிளாக் என்ற மைதானம். ஐரோப்பா 15-13 என்று ஜெயித்தது, அது போகட்டும். "இது கவர்மெண்ட் கிரவுண்டுடா" என்று மாமா சொன்னதுதான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது.

நிஜம்தான். நியூயார்க் மாநிலத்தின் பூங்காத் துறைக்குச் சொந்தமான இடம், 1936-இல் திறந்தது. முதல் டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், அதன் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கிறது என்றார் மாமா: இது மிகக் கடினமான மைதானம், நல்ல தேர்ச்சி உள்ளவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம். நம்மூர் 'நாய்கள் ஜாக்கிரதை' மாதிரிதான், ஆனால் அங்கே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வண்டி கிடையாது, பையோடு நடக்க வேண்டும். ஆள் உயர பங்கர் என்கிற மணல் குழி, பந்து விழுந்தால் தேட வேண்டிய ரஃப் என்கிற அடர்ந்த புல். யு.எஸ். ஓப்பன், அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டி, 1895-இல் தொடங்கியது. முழுக்க அரசு சொத்தான மைதானத்தில் அது முதல் தடவையாக நடந்தது 2002-இல், இங்கேதான். வெள்ளிக்கிழமை மழையில் பத்தாவது ஹோலில் சில தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பந்து ஃபேர்வே வரை, அதாவது புல் வெட்டிய நடுப்பாதை வரை, போகவில்லை. நாலு நாள் முடிவில் பாருக்கு, அதாவது மைதானத்துக்கு விதித்த அடிக்கணக்குக்கு, கீழே நின்றது டைகர் வுட்ஸ் ஒருத்தர்தான், அதுவும் மூன்றே மூன்று அடி.

எனக்குப் பிடித்தது இதெல்லாம்கூட இல்லை, அந்தக் கார் பார்க்கிங். முன்பதிவு இல்லாமல் காலையில் ஆட இடம் வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே போய், நம்பர் போட்ட இடத்தில் காரை நிறுத்தி, உள்ளேயே படுத்து, விடியும் முன் டிக்கெட் வாங்க வேண்டும். தட்கல் கவுண்டரில் போர்வையோடு உட்கார்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்த எனக்கு இது அந்நியமாகவே படவில்லை! யார் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை மணிக்கு வந்தாய், அவ்வளவுதான். (அதே மைதானத்தில் ரைடர் கப் பார்க்க ஒரு நாள் டிக்கெட் கிட்டத்தட்ட 750 டாலராக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடுவதைவிடப் பார்ப்பதற்குத்தான் வசதி வேண்டும் போல.)

அடுத்த வாரம் மாமாவை இழுத்துக்கொண்டு லாடோ சராய் போனேன். அங்கே டி.டி.ஏ. என்கிற தில்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் கோர்ஸ் இருக்கிறது, மெம்பராகாமலே பணம் கட்டி ஆடலாம். ஒரு கூடை பந்தும் செவன் அயர்ன் என்கிற ஒரு மட்டையும் வாங்கி, தூரத்தில் தெரிந்த குதுப் மினாரைக் குறி வைத்து முழு பலத்தோடு வீசினேன். புல் பிய்ந்து பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அங்க ஒரு போர்டு இருக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றார்.