அத்தை போட்ட சிறுகுறிஞ்சான் பொடி

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் அத்தைக்கு போன மாதம் ஒரு மதியம் கை நடுங்கி, புடவை நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை 54, ரொம்பக் குறைவு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். அப்புறம் விசாரித்தால், சர்க்கரை நோய்க்கு வழக்கமாகப் போடும் கிளிபென்கிளமைடு மாத்திரையோடு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியையும் இரண்டு வாரமாகப் போட்டிருக்கிறார்.

"ரெண்டும் சேந்தா இன்னும் நல்லா கொறையும்னு நெனச்சேம்மா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் எம்.பார்ம் படிக்கும்போது நான் எடுத்த ஆய்வே இந்த இலைதான். நிழலில் உலர்த்தி, பொடித்து, சாறு இறக்கும் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் எத்தனால் விட்டு மணிக்கணக்காகக் காய்ச்சினால், கடைசியில் கரும்பச்சையாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் ஒரு சாறு மிஞ்சும். எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து, சர்க்கரை ஏறியதும் ஒரு குழுவுக்கு இந்தச் சாறு, இன்னொரு குழுவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க கிளிபென்கிளமைடு, அதாவது அத்தை போடும் அதே மாத்திரை. வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இரண்டு குழுவிலும் சர்க்கரை இறங்கியது. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழு என்று ஒன்று என் ஆய்வில் இல்லவே இல்லை. அத்தை செய்தது அதைத்தான்.

மனிதர்களிடம் பார்க்காமல் இல்லை. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 1990-இல் வெளிவந்தது. டைப் 2 நோயாளிகள் 22 பேர், மாத்திரையோடு சேர்த்து தினமும் 400 மில்லிகிராம் சாறு, 18 முதல் 20 மாதம். மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, சர்க்கரையை விடாமல் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள் என்பது. அத்தைக்கு யாரும் குறைக்கவில்லையே! போதாததற்கு அவர் போட்டது அளந்து எடுத்த சாறும் இல்லை, கடைப் பொடி. எங்கே, எப்போது பறித்த இலை என்பதைப் பொறுத்து அதில் சர்க்கரையைக் குறைப்பதாகக் கருதப்படும் ஜிம்னீமிக் அமிலம் கூடும் குறையும், ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது.

"அப்போ பொடி வேலை செய்யுதா இல்லையா?" என்று அத்தை கேட்டார். செய்யலாம் அத்தை, அதனாலதான் டாக்டர்கிட்ட சொல்லாம போடக் கூடாது என்றேன்.

மறுநாள் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். பொடியை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்து எழுதி வரச் சொன்னார்.