62 வயசுல பாடின குரல்

நேத்து நைட்ல இருந்து அடெலினா பாட்டிங்கிற ஓபரா பாடகியோட ஒரு ரெக்கார்டையே திரும்பத் திரும்ப கேட்டுட்டு இருக்கேன் (அது இத்தாலிய குடும்பப் பேரு, நம்ம பாட்டி இல்ல). 1843ல பிறந்தவங்க, 1905 டிசம்பர்ல வேல்ஸ்ல இருந்த அவங்க மாளிகைக்கே கிராமஃபோன் கம்பெனிக்காரங்க மெஷினைத் தூக்கிட்டுப் போய் பதிவு பண்ணினாங்க, அப்போ வயசு 62. மைக் எல்லாம் கிடையாது, புனல் மாதிரி ஒரு குழாய் முன்னாடி நின்னு பாடணும், மைக் வெச்சு ரெக்கார்டு பண்றது வந்ததே 1925ல தான்.

மோட்சார்ட் பாட்டு. கரகரன்னு சத்தம், மூச்சு அங்கங்க பத்தல, அதெல்லாம் தெரியுது தான். ஆனா ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு இழைஞ்சு போறாங்க பாருங்க, எங்க முடிஞ்சுது எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல, ட்ரில் (பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஸ்வரத்தை வேகமா மாத்தி மாத்திப் பாடுறது) வர்ற இடத்துல மட்டும் ரெண்டு ஸ்வரமும் தனித்தனியா காதுல விழுது. கீழ் ஸ்தாயில நெஞ்சுக் குரலை (நெஞ்சுல அதிர்ற கனமான குரல்) மறைக்காம எடுக்கிறாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இப்படிக் குரலைக் கட்டுப்படுத்தப் பழக மெஸ்ஸா டி வோச்சேன்னு ஒரு பழைய பயிற்சி உண்டு, ஒரே ஸ்வரத்தை மெல்லிசா ஆரம்பிச்சு பெருசாக்கி அதே மூச்சுல திரும்ப மெல்லிசாக்கணும், அந்தக் காலத்துப் பாடகர்கள் வருஷக்கணக்கா அதைப் பண்ணினாங்க.

ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க. இரைச்சலை சுத்தமா எடுத்த வெர்ஷன் வேணாம், குரலோட மினுக்கும் சேர்ந்து போயிடுது.