கிடைமட்ட அழுத்தக் கலனின் நீள-விட்ட விகிதம்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கிடைமட்ட அழுத்தக் கலன் (வாயுவையோ திரவத்தையோ அழுத்தத்தில் அடைத்து வைக்கும், படுத்த நிலையிலான உருளைத் தொட்டி) வடிவமைக்கும் இளம் பொறியாளர்கள், நீளம் விட்டத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு என்னும் பொது வழக்கை அப்படியே ஏற்காமல், வடிவமைப்பு அழுத்தத்திலிருந்தே, அதாவது கலன் தாங்க வேண்டிய அழுத்தத்திலிருந்தே, தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உயர் அழுத்தத்தில் கலனின் தகட்டுத் தடிமன் ஏறத்தாழ அழுத்தம், விட்டம் இரண்டுக்கும் நேர்விகிதத்தில் கூடுவதால், கொள்ளளவை மாற்றாமல் விகிதத்தை 3இலிருந்து 5ஆக உயர்த்தினால் விட்டமும் தடிமனும் சுமார் 16 விழுக்காடு குறையும். ஆனால், பலரும் கவனிக்கத் தவறுவது, உருளைப் பகுதியின் எடை அநேகமாக மாறாது, இரு முனைகளையும் அடைக்கும் மூடிகளின் எடைதான் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது.

குறைந்த அழுத்தத்தில் நிலைமை வேறு. அங்கே குறைந்தபட்சத் தடிமனும் அரிமானத்தால் (துருப்பிடித்து உலோகம் தேய்வதால்) ஏற்படும் இழப்புக்கான கூடுதல் தடிமனுமே தகட்டைத் தீர்மானிப்பதால், நீண்ட கலன் பரப்பையும் எடையையும் கூட்டிவிடும். உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையில் வண்ணப்பூச்சுப் பராமரிப்பும் அதற்கேற்பக் கூடும்.