வெள்ளி விழா சந்திப்பு: வரத் தயங்குபவருக்காக ஒரு திட்டம்

கல்லூரி முடித்த இருபத்தைந்தாம் ஆண்டில் எல்லோரும் கூடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதும் நாற்பது கட்டைவிரல் எழும். அந்த நாற்பது பேரும் எப்படியும் வந்துவிடுவார்கள். உழைப்பு தேவைப்படுவது மற்றவர்களுக்குத்தான்: குழுவிலேயே இல்லாதவர், இருந்தும் வாய் திறக்காதவர், 'பார்க்கலாம்' என்று மட்டும் போடுபவர். தேதி, இடம், பணம், நிகழ்ச்சி எல்லாவற்றையும் அவர்கள் பக்கம் நின்று முடிவு செய்யுங்கள்.

முதலில் பெயர்ப் பட்டியல். பொறியியல் கல்லூரி என்றால் ஒரே பட்டியல் போதாது. முதலாண்டு வருகைப் பதிவேட்டில், டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த லேட்டரல் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். இறுதியாண்டுப் பட்டியலில், நடுவில் படிப்பை விட்டவரும் ஓராண்டு தங்கி ஜூனியர்களோடு முடித்தவரும் இருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒட்டவைத்து, விடுபட்டவர்களை ஒவ்வொரு துறையிலும் இரண்டு பேர் நினைவிலிருந்து நிரப்ப வேண்டும். பாதியில் போனவரைக் கூப்பிடலாமா என்று யாராவது கேட்பார்கள். கூப்பிட்டே ஆக வேண்டும். ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவனுக்கு அவன் பட்டம் வாங்கினானா என்பது ஒரு கணக்கா?

ஆளைத் தேடும்போது நம் இனிஷியல் முறை காலை வாரிவிடும். அன்றைய 'எஸ். செந்தில்குமார்' லிங்க்ட்இனில் 'செந்தில்குமார் சுப்பிரமணியன்' ஆகியிருப்பார். இனிஷியலை விரித்தால்தான் பாஸ்போர்ட்டுக்கு ஆகும். பெண்கள் பலருக்கு அப்பாவின் இனிஷியல் போய்க் கணவர் பெயர் வந்திருக்கும். ஆகவே அப்பா பெயர் தெரிந்தால் அதையும் துறையையும் சேர்த்துத் தேடுங்கள். ஆர்குட் 2014-இலும் யாஹூ குழுமங்கள் 2020-இலும் மூடப்பட்டுவிட்டதால் அந்தக் காலத்துத் தொடர்புகள் அங்கே கிடைக்காது. மிச்சம் இருப்பது ஆட்டோகிராஃப் நோட்டுதான். அதில் உள்ள தொலைபேசி எண்கள் பெரும்பாலும் செத்திருக்கும். வீட்டு முகவரி சாகாது. வீட்டையே விற்றிருந்தாலும் தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கு விவரம் தெரியும். இன்னொன்று: எண் கிடைத்தவுடன் கேட்காமல் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். நெருக்கமாக இருந்த ஒருவர் முதலில் பேசட்டும். பெண்களைப் பெண்களே அழைப்பது நல்லது.

தேதியில்தான் பெரும்பாலான சந்திப்புகள் சறுக்குகின்றன. நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதுக்காரர்கள் வீட்டில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படித்துக்கொண்டிருக்கும். பிப்ரவரி, மார்ச் பேச்சே எடுக்கக் கூடாது. நீட் முடியும் வரை மே மாதமும் ஆகாது. நவம்பரில் மழை. டிசம்பர் கடைசி வாரம் எல்லோர் வாயிலும் வரும், ஆனால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆடிதான் சரி. முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசலாம் (ஆடித் தள்ளுபடி விற்பனைக்காரர்கள் முந்திக்கொள்ளாமல் இருந்தால்). அமெரிக்கா, வளைகுடா, பிரிட்டன் மூன்றிலும் பள்ளி விடுமுறை ஒன்றாக அமைவது ஜூலை கடைசி வாரத்தில். ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே நீண்ட விடுமுறை டிசம்பர் பாதியில்தான் தொடங்கும். பஞ்சாங்கம் பார்த்து ஆடி அமாவாசையை விலக்குங்கள். தர்ப்பணம் கொடுக்க வேண்டியவர்கள் வர மாட்டார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி அதற்கு ஒரு மாதம் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

இடம்: கல்லூரி வளாகமே. ஏற்காட்டிலும் ஈசிஆரிலும் ரிசார்ட் எடுத்து ஒரு இரவு தங்கலாம் என்று உற்சாகமாகச் சொல்பவர்கள், அந்த ஒரு முடிவால் எத்தனை பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. பணம் நெருக்கடியில் இருப்பவர், வயதான மாமியாரை விட்டு வர முடியாதவர், இரவு தங்க வீட்டில் சம்மதிக்காதவர் எல்லோரும் சத்தமில்லாமல் விலகுவார்கள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியட்டும்; தங்க விரும்புகிறவர்கள் அன்றிரவு தனியாகத் தங்கிக்கொள்ளட்டும். கல்லூரி முதல்வருக்குக் கொடுக்கும் கடிதத்தில் தேதி, தலை எண்ணிக்கை, எந்த அரங்கு, மைக், ஜெனரேட்டர், எத்தனை கார் என்பது வரை எழுதுங்கள். வெளி மண்டபம் என்றால் சொன்ன வாடகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கடைசி பில்லில் சண்டை வருவது அங்கேதான்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. முடியாதவர் பங்கைப் பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்து அடைத்துவிடலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (இந்திய வங்கியில் அவர்கள் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) அனுப்புவது எளிது. கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும் ஆசை வந்தால் அந்தப் பணத்தை இதோடு கலக்காதீர்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். இந்திய பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, மேடையேறி ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம். நூறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம்: 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். நாற்பதாவது ஆளுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அதைவிட மோசம், 'வைஸ் பிரசிடெண்ட்', 'டைரக்டர்' என்று வரிசையாக வரும்போது வேலை இழந்தவர் கழிப்பறைப் பக்கம் ஒதுங்குவார். துறைவாரியாக வட்ட மேசை போட்டுவிட்டால் அறிமுகம் தானே நடக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பதவி வேண்டாம்: பெயர், பட்டப்பெயர், துறை, முடிந்தால் பழைய ஹால் டிக்கெட் படம். பெயர் கட்டைவிரல் அகல எழுத்தில் இருக்கட்டும். எல்லோருக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. டிஜே வைத்தால் காதுக்குள் கத்தித்தான் பேச வேண்டும். பழைய பாட்டைச் சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டாலே போதும். மதியம் இரண்டு மணி நேரம் எந்த நிகழ்ச்சியும் போடாதீர்கள்.

ஆசிரியர்கள் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். தரைத்தள அரங்கு, பக்கத்திலேயே கழிப்பறை, வீட்டிலிருந்து கூட்டிவந்து சாப்பாட்டுக்குப் பின் கொண்டுபோய் விட ஒரு கார். அதோடு கூடவே இருக்க ஒரு ஆள். சால்வை அதற்கு அப்புறம்.

சாப்பாட்டில் பிரியாணி என்றால் ஒரு கிலோ சீரக சம்பா அரிசி எட்டுப் பேருக்கு வரும். நூறு பேரில் எழுபது பேர் அசைவம் என்றால் 9 கிலோ அரிசி, 10 கிலோ கோழி. சைவப் பந்தியைத் தனியாக வையுங்கள், கரண்டி மாறினால் மனக்கசப்பு. காபிக்கு ஒரு வேளைக்கு 10 லிட்டர் பால். குடிக்க 20 லிட்டர் கேன் பன்னிரண்டு.

இறந்துபோன தோழர்களின் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் அந்தத் தவறுக்கு மன்னிப்பே கிடையாது. குடும்பத்திடம் படம் வாங்கும்போதே எதற்கு என்று சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே இரண்டு நிமிட மௌனம். இடையில் திடீரென்று திரையில் காட்டாதீர்கள்.

குழுப்படம் காலை பத்தரைக்குள் எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து பேர் கிளம்பியும் போயிருப்பார்கள். மெயின் பிளாக் படிக்கட்டில் இருபது பேராக ஐந்து வரிசை, அகலம் பத்து மீட்டர். படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே போட்டால் சுருங்கிப்போய் பின்வரிசை முகம் தெரியாது, டாக்குமெண்டாக அனுப்புங்கள். வராதவர்களுக்கும் அன்றிரவே.