மேசையின் வலப்பக்கம்

வயிற்று அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் நோயாளியின் வலப்பக்கம் நிற்பவர்தான் கத்தி பிடிப்பவர். எதிரே நிற்பவர் உதவியாளர். எம்.எஸ். என்ற அறுவை சிகிச்சை மேற்படிப்பின் முதல் வருடம் முழுக்க நான் இடப்பக்கம்தான். வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடிப்பேன், ரத்தத்தை உறிஞ்சுவேன், நூல் வெட்டுவேன். இரண்டாம் வருடத்தில் ஓர் இரவு, டியோடினல் அல்சர், அதாவது சிறுகுடலின் தொடக்கத்தில் வந்த புண், ஓட்டை விழுந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கவுன் போட்டுக்கொண்டு வழக்கம்போல இடப்பக்கம் போனால், அங்கே எங்கள் யூனிட் சீஃப் மேடம் நின்றிருந்தார். இரவு கேஸ்களை உதவிப் பேராசிரியர்கள்தான் பார்ப்பார்கள். அன்று அவரே வந்திருந்தார்.

"நீ அந்தப் பக்கம் போம்மா."

ஓட்டை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையை வைத்துத் தைக்க வேண்டும். முடிச்சை இறுக்கினால் அந்தத் திரைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும், தளர்த்தினால் கசியும். மேடம் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். எனக்கு அரை மணிக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் கை ரிட்ராக்டரை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு முறை, "இறுக்காதே" என்றார்.

ஐந்தாம் நாள், வயிற்றிலிருந்து கசிவை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் பித்தநீர் வந்தது. தைத்த இடம் கசிந்திருந்தது. மறுபடி வயிற்றைத் திறந்தோம். அந்த அய்யா பிழைத்தார், ஆனால் ஒரு மாதம் வார்டில் கிடந்து அவதிப்பட்டார்.

துறைக் கூட்டத்தில் அந்தக் கேஸ் வந்தபோது, "யார் தைத்தது?" என்று கேட்டார்கள். நான் எழுவதற்குள் மேடம் எழுந்துவிட்டார். "நான் மேசையில் இருந்தேன். முடிவு என்னுடையது." அவ்வளவுதான். அப்புறம் அறைக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு தையலையும் என்னைச் சொல்ல வைத்தார். ஊசி எங்கே நுழைந்தது, முடிச்சு எப்படி விழுந்தது என்று ஒரு மணி நேரம். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த டியூட்டியில் என்னை மறுபடி வலப்பக்கம் நிறுத்தினார். எந்த ஆறுதலையும்விட அதுதான் என்னை இந்தத் துறையில் தங்க வைத்தது.

சர்ஜரி எடுத்தேன் என்றதும் வீட்டிலும் கல்லூரியிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பொண்ணுக்கு கைனக் (மகளிர் மருத்துவம்) போதாதா?" மேடம் இதற்குப் பதிலாக டாக்டர் டி.எஸ்.கனகாவைப் பற்றிச் சொல்வார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1968இல் நரம்பியல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்ற உயர்பட்டம் முடித்தவர், அந்தத் துறையில் ஆசியாவின் முதல் பெண் மருத்துவராக அறியப்படுபவர். ஆனால் எங்கள் தியேட்டரில் அப்போது 7, 7.5 அளவு கையுறைகள்தான் இருக்கும். என் கைக்கு 6. பெரிய கையுறையின் விரல் நுனி மடிந்து நூலில் சிக்கும். நான் அதைப் பழகிக்கொண்டுவிட்டேன். மேடம் பழகவில்லை. ஸ்டோருக்கு எழுதி, எழுதி, வரவழைத்தார். சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியின்போது மேசையைத் தாழ்த்துவார், தாழாவிட்டால் எங்கள் காலடியில் ஸ்டூல் போடச் சொல்வார். தோளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால் கை நடுங்கும். அதைத் திறமைக் குறைவு என்று யாராவது எழுதிவிடக் கூடாது என்பார்.

இப்போது எனக்கும் ஒரு யூனிட் இருக்கிறது. போன மாதம் இதே போன்ற ஒரு கேஸில் என் பி.ஜி. மாணவியை வலப்பக்கம் நிறுத்தினேன். முதல் தையலுக்கு ஊசியை மூன்று முறை திருப்பிப் பிடித்தாள். என் வலது கை ரிட்ராக்டரை விட்டு வரத் துடித்தது. அன்று மேடம் எப்படி அரை மணி நேரம் அசையாமல் நின்றார் என்று நினைத்துக்கொண்டே பிடியை இறுக்கிக்கொண்டேன். நான்காவது முறை ஊசி சரியாக இறங்கியது.